கணினியை வேகமாக்கிய விதம்

உங்கள் கணினி இப்படித் திணறுவதற்கு அதன் வயது காரணமில்லை, மேடம். போட்டவுடன் தானாக எழுந்துகொள்ளும் நிரல்கள் அதில் ஏகப்பட்டவை இருக்கும். பேருந்தில் இடம் பிடிப்பவர்கள் மாதிரி எல்லாம் வாசலிலேயே முண்டியடிக்கும். நீங்கள் கேட்காதவற்றை நிறுத்திவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். தட்டச்சு செய்பவர் என் பேச்சை ஒரு வரி அடித்துவிட்டு, அது திரையில் தோன்றுவதற்காகக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். பாவமாக இருக்கிறது. அவசரமில்லை. நான் காத்திருக்கப் பழகியவன்.

எங்கள் வீட்டுக் கணினியும் இப்படித்தான் இருந்தது. அதை எப்படி வேகமாக்கினேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் அதிலேயே வந்துவிடும்.

ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலையாக இருந்தது. என் மனைவி ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களில் பிழை பார்ப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. மருந்துப் பெட்டி, சோப்பு உறை, என் பேச்சு, எதையும் சும்மா விடமாட்டாள். கல்யாணமான புதிதில் நான் எழுதிக்கொடுத்த ஒரு காதல் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள். ஒற்று விட்ட இடமெல்லாம் சுழித்திருந்தாள். அடியில் 'கருத்து நன்று' என்று எழுதியிருந்தாள். அவள் அப்படி.

நோய் முதலில் அவள் கால்களை எடுத்துக்கொண்டது. பிறகு கைகளை. பிறகு நாக்கையும் முகத்தையும். அறிவை மட்டும் தொடவில்லை. தலையசைக்க முடியாது, நினைத்தபடி கண் சிமிட்ட முடியாது, விழியைக் கொஞ்சம் திருப்பலாம், சைகை காட்டும் அளவுக்கு இல்லை. ஆனால் உள்ளே அவள் முழுசாக இருந்தாள். கடைசியில் அவள் சொன்னபடி கேட்டது வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அந்த விரலுக்கு அடியில் ஒரு விசையை வைத்து, அதை வீட்டுக் கணினியோடு இணைத்தேன்.

அது வேலை செய்யும் விதத்தை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக இறங்கி வரும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் அவள் அழுத்துவாள். பிறகு வெளிச்சம் அந்த வரிசைக்குள் எழுத்தெழுத்தாக நகரும். மறுபடி அழுத்துவாள். ஓர் எழுத்து விழும். ஓரிரு எழுத்து சேர்ந்ததும் கணினி தன்னிடமுள்ள சொற்களில் பொருத்தமானவற்றை எடுத்துக் காட்டும். அவள் நினைத்தது அதில் இருந்தால் தேர்ந்தெடுப்பாள். கணினி அதை ஒரு பெண்குரலில் உரக்கச் சொல்லும். ஏற்ற இறக்கம் இல்லாத, யாருடையதும் அல்லாத குரல்.

அதுவரை என்னை 'நீங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், விசை வந்த பிறகு 'நீ' என்றாள். முதல் முறை நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். அவள் பொறுமையாக எழுத்துகளைக் கூட்டி விளக்கம் சொன்னாள். 'மரியாதைக்கு எழுத்து அதிகம்.' நான் வாய்விட்டுச் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் அந்த 'நீ' எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தொல்லை என்னவென்றால், கணினி பழசு. வெளிச்சம் பாதி வழியில் நின்றுவிடும். அவள் அழுத்துவாள், ஒன்றும் நடக்காது. மறுபடி அழுத்துவாள். பிறகு எல்லா அழுத்தமும் மொத்தமாகப் போய்ச் சேர்ந்து, திரையில் எழுத்துகள் கொட்டிய ஆணிகள் மாதிரி சிதறும். முதலிலிருந்து தொடங்குவாள்.

அவள் அக்கா அடிக்கடி வருவார். கனத்த உடம்பு, கனத்த குரல். பொறுமை என்பது அவருக்குக் கொஞ்சமும் கிடையாது. ஒரு நாள் அவர் கட்டில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த நிமிடமே இவள் அழுத்தத் தொடங்கினாள். திரையில் 'க' என்று விழுந்து, அதோடு நின்றது.

"காலா? கால் மரத்துப்போச்சாடி? கழுத்தா? தம்பி, கழுத்துக்குக் கொஞ்சம் தலகாணி வை. கதவா? கதவ சாத்தணுமா? அட, சட்டுபுட்டுனு சொல்லுடி. நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துடும் போல."

அக்கா எழுந்து கிளம்பும்போதுதான் சொல் முழுசாக வந்தது. கணினி 'கண்ணாடி' என்றது. அவர் தன்னுடைய மூக்குக்கண்ணாடி மேலேயே அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தார். இரண்டு துண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதைத்தான் சொன்னியா நீ" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு பார்த்தால், என் மனைவியின் ஒரு கண்ணிலிருந்து நீர் வடிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இனி அவள் ஒரு சொல்லுக்காக இப்படி அல்லாடக் கூடாது.

முறைப்படி செய்தேன். தானாக எழும் நிரல்களை நிறுத்தினேன். நாங்கள் எப்போதோ போட்டு மறந்த விளையாட்டுகளை நீக்கினேன். குப்பைக் கோப்புகளைத் துடைத்தேன். பழைய வன்வட்டைக் கழற்றிவிட்டுப் புதிய வகை வட்டு போட்டேன், நினைவகத்தைக் கூட்டினேன், பெட்டியைத் திறந்து மின்விசிறியில் படிந்த தூசியைத் தூரிகையால் எடுத்தேன். அது கம்பளித் துணி மாதிரி உரிந்து வந்தது. அப்படியும் சொல் காட்டும் நேரத்தில் மட்டும் ஒரு தயக்கம் மிச்சமிருந்தது. தேடிப் பார்த்தேன். அந்த நிரலுக்குள் இருந்த சொற்கிடங்கு மிகப் பெரியது. ஒவ்வோர் எழுத்துக்கும் அது அவ்வளவையும் துழாவியது. யாரும் வாழ்க்கையில் சொல்லாத சொற்களெல்லாம் அதில் கிடந்தன. பழங்காலப் போர்க்கருவிகள், கடல் பிராணிகள், நோய்களின் நீளமான பெயர்கள். அவற்றை எடுத்தேன். வேகம் கூடியது. இன்னும் கொஞ்சம் எடுத்தேன். இன்னும் கூடியது.

வெளிச்சம் தண்ணீர் மாதிரி ஓடியது. அவள் முதலில் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. 'இன்ஜினியர் சார், இப்பதான் உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்க.' நான் இன்ஜினியர் இல்லை. அது அவள் எனக்கு வைத்த கேலிப்பெயர்.

அதன் பிறகு அவள் பேசினாள். அப்பப்பா, எவ்வளவு பேசினாள். அக்காவின் குறட்டையைப் பற்றி, நான் போர்வை மடிக்கும் அழகைப் பற்றி, செய்தித்தாளில் வந்த பிழையைப் பற்றி. கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் அவள் காதல் கதையைக் கேட்டு வாங்கி, 'அவன் வேஸ்ட், விட்டுடு' என்று தீர்ப்பு சொன்னாள். நான் சமையலறையில் இருக்கும்போது அந்தக் குரலும் அந்தப் பெண்ணின் சிரிப்பும் கேட்கும். நான் உள்ளே வந்தால் சிரிப்பு நிற்கும்.

அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன். முழு நேரமும் அவளோடுதான். திரும்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, குழாய் வழியாக உணவு செலுத்துவது, தொண்டையில் சளி கட்டினால் கருவியை வைத்து உறிஞ்சி எடுப்பது. இதில் ஒன்றைக்கூட இன்னொரு கைக்கு விட்டதில்லை. எங்கள் வீடு மிக அமைதியான வீடு, மேடம். கணினி மெதுவாக இருந்த காலத்தில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் இறங்குவதை அவளோடு சேர்ந்து பார்ப்பேன். நீண்ட நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு சொல் வரும். அது எனக்காக வரும். இப்போது சொற்கள் எல்லோருக்கும் வந்தன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கவனித்தேன் என்று சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கணினி பேசியது.

'நான் அக்கா வீட்டுக்குப் போறேன்.'

"சரி, ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்" என்றேன்.

'வரல. அங்கேயே இருக்கேன்.'

"இங்க என்ன குறை வச்சேன்?"

வெளிச்சம் ஓடியது. 'குறை இல்ல. அதான் குறை.' பிறகு, 'உனக்கு நான் வேலை. அக்காவுக்கு நான் தங்கச்சி.'

நான் துணியைப் பிழிந்து காயப்போட்டேன். அவளை இடது பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்தேன். பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து, "மறுபடி கொஞ்சம் இழுக்குது, என்னன்னு பாக்கறேன்" என்றேன்.

அன்றைக்கு எடுத்த சொல் 'அக்கா'. 'அ' என்ற எழுத்தைத் தொட்டாலே அது முதலில் வந்து நின்றது. அதன் பின்னால் மற்ற சொற்கள் வரிசையில் காத்திருந்தன. அதை எடுத்ததும் அந்த வரிசை நகர்ந்தது. இது கணக்குப்படி உண்மை. நீங்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவள் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த நிரலில் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால், கிடங்கிலுள்ள ஏதாவது ஒரு சொல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் எழுத்துகள் மட்டும் திரையில் நிற்கும், மற்றவை மறைந்துவிடும். வெளிச்சம் வீணாக எங்கும் நிற்காது. பிழையே வராது. அதையும் போட்டுவிட்டேன். அவள் அ, க் என்று வந்து நின்றாள். அடுத்து வேண்டிய எழுத்து திரையில் இல்லை. விரல் தயங்கியது. மறுபடி வந்தாள். மறுபடி இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதே அது தவறென்று தெரியவில்லையா என்று கேட்டீர்கள். நான் ஒரு சொல்லைத்தான் எடுத்தேன்.

அவள் கெட்டிக்காரி. சொற்களோடு குடும்பம் நடத்தியவள். 'கூடப் பிறந்தவ' என்றாள். 'பிறந்த' போயிற்று. 'பெரியவ' என்றாள். அதுவும் போயிற்று. 'வீடு', 'வெளியே', 'போ', 'கூட்டிட்டு' எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. காலையில் அவள் ஒரு புதுச் சந்து கண்டுபிடிப்பாள். அவள் கண்ணயரும் மத்தியான நேரத்தில் நான் அதை அடைப்பேன். சில சமயம் எனக்கே பெருமையாக இருக்கும், எவ்வளவு அழகாகச் சுற்றி வருகிறாள் என்று. ஒரு நாள் 'திருடன்' என்றாள். அந்தச் சொல் அவ்வளவு நாள் எப்படித் தப்பியது என்று தெரியவில்லை.

'வேண்டாம்' என்ற சொல்லை எடுத்த பிறகு வீட்டு வேலைகள் சுலபமாக நடந்தன.

பயிற்சிப் பெண்தான் முதலில் கேட்டாள். "என்ன சார், இவங்க முன்ன மாதிரி பேசறதே இல்ல? வார்த்தை ரொம்பக் குறைஞ்சுபோச்சு."

"நோய் கொஞ்சம் மேல ஏறுதுன்னு நினைக்கிறேன்மா."

அவள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் மனைவி விசையை அழுத்திக்கொண்டே இருந்தாள். கணினி 'காலை வணக்கம்' என்றது. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பயிற்சியை நானே கொடுக்க முடியும்.

அவள் அக்கா ஒருமுறை நேரடியாகவே கேட்டார். என்னிடமல்ல, அவளிடம்.

"ஏன்டி, என்கூட வந்து இருக்கியா? எனக்குப் பக்கத்து ரூம் சும்மாதான் கெடக்கு. ஆமான்னா ஒரு தடவ அழுத்து. போதும்."

அவள் அழுத்தினாள். அப்போது திரையில் முதலாவதாக நின்றது 'நல்லா இருக்கேன்'. கணினி அதைச் சொன்னது. அவள் மறுபடி அழுத்தினாள். 'நல்லா இருக்கேன்.' மறுபடியும். 'நல்லா இருக்கேன். நல்லா இருக்கேன்.'

அவள் அழுத்தியதை விட்டுவிட்டு அக்கா குரலை மட்டும் கேட்டார். "சரிடி, சரிடி, காது கேக்குது" என்று சிரித்தார். "புருஷன விட்டு வரமாட்டியே நீ." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன் தம்பி, கண்ணுல தண்ணியா வருதே?"

"இமை சரியா மூடறதில்ல, அக்கா. சொட்டு மருந்து போடணும்."

அதுவும் உண்மைதான். அக்கா அவள் கண்ணைத் துடைத்து, நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விரல் விசையின் மேலேயே இருக்கும். அழுத்தமாட்டாள். வெளிச்சம் இறங்கும், அடியில் போய்ச் சேரும், மறுபடி மேலிருந்து இறங்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "என் மேல கோபமா? ஏதாவது ஒண்ணு சொல்லு. திட்டணும்னாலும் திட்டு" என்பேன். திட்டும் சொற்களை நான்தான் எடுத்திருந்தேன் என்பது அப்புறம்தான் ஞாபகம் வரும். மழை பெய்தால் மழை பெய்கிறது என்பேன். விளக்கைப் போட்டால் விளக்கைப் போட்டேன் என்பேன். அமைதி எனக்குப் பழக்கம்தான், ஆனால் அது எனக்குப் பழக்கமான அமைதி இல்லை. முன்பெல்லாம் அதன் முடிவில் ஒரு சொல் இருக்கும். இப்போது முடிவே இல்லை. ஒரு கட்டத்தில் அவள் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினேன். ஒரே ஒரு சொல். எதுவானாலும் பரவாயில்லை.

கணினி அவளைச் சோர்வாக்கிவிட்டது என்று முடிவுக்கு வந்தேன். இத்தனை எழுத்து, இத்தனை வரிசை, ஒரு விரல். இன்னும் சுலபமாக்கினால் பேசுவாள். ஆகவே கடைசியாக ஒருமுறை துப்புரவு செய்தேன். சளி, தண்ணீர், வலி போன்ற சொற்களைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். அவளுக்கு எப்போது சளி கட்டும் என்பது எனக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். அவள் வாய்திறந்து கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்த்தேன். இழுப்பே இல்லை. அதைவிட வேகமான கணினி எந்த வீட்டிலும் இருக்க முடியாது.

அப்படியும் அவள் பல நாட்கள் அழுத்தவில்லை.

அந்தப் பிற்பகல் நான் சமையலறையில் அவளுக்கு உணவு செலுத்தும் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே கணினியின் குரல் கேட்டது.

'நன்றி.'

என் கை அப்படியே நின்றுவிட்டது. அத்தனை நாள் கழித்து. 'நன்றி' என்றது மறுபடியும். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. 'நன்றி. நன்றி. நன்றி.' இடைவெளியே இல்லாமல் வந்தது. பிறகு இடைவெளி விட்டு வந்தது. நான் சன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். எதிர் வீட்டு மாடியில் யாரோ விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்கள். 'நன்றி' என்றது இன்னொரு முறை, நன்றாகத் தள்ளி. அதற்குப் பிறகு வரவில்லை.

இந்த இடத்தைத் தட்டச்சு செய்பவர் கவனமாக அடிக்கட்டும். சளி கட்டும்போது அவள் விசையை எப்படி அழுத்துவாள் என்பது எனக்குத் தெரியும். குரல் சொல்லும் சொல் எதுவானாலும் விரல் அதே விரல்தான். அந்த வேகத்தை என் காது அடையாளம் கண்டுகொண்டது. முதல் சில தடவையிலேயே கண்டுகொண்டது. உறிஞ்சும் கருவி கட்டிலுக்குப் பக்கத்திலேயே, என் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. சமையலறையிலிருந்து அந்த அறைக்கு நாலு எட்டுதான். நான் போகவில்லை. நான் போனால் அந்தக் குரல் நின்றுவிடும். பாத்திரங்களை முழுவதும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டுதான் போனேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் அக்கா வந்தார். காலியான கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, விசை அங்கேயே கிடந்தது, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தங்கச்சியின் குரலைக் கேட்கவேண்டும் போல இருந்திருக்கும். அந்தக் குரல் அவளுடையது இல்லைதான். அழுத்தினார்.

'நன்றி' என்றது கணினி.

திரையில் எழுத்துகள் வரும் என்று காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். 'நன்றி.' கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகில் போனார். அதில் வரிசைகள் இல்லை. எழுத்துகள் இல்லை. நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் இருந்தது. வெளிச்சம் போவதற்கு வேறு இடமில்லாமல் அதன் மேலேயே நின்றது.

"மத்ததெல்லாம் எங்கப்பா?" என்று கேட்டார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"வேகத்துக்காக எடுத்துட்டேன், அக்கா."

அவர் விசையைக் கீழே வைத்தார். பிறகு கணினியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய், காவல் நிலையத்திலிருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் வரும்வரை நான் அதைத் தொடவில்லை.

நீங்கள் எழுதிக்கொண்டது எல்லாம் சரிதான். மறுக்க அதில் ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மனைவி கடைசியாக என்னிடம் சொன்னது நன்றி. நான் கேட்டு வாங்கவில்லை, மேடம். அத்தனை தடவையும் அவளாகத்தான் சொன்னாள்.